புதுப்பிப்பு: காய்ச்சலும் பாய்ச்சலும் - குழாய் இறக்கியாயிற்று

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சுகிற மாதிரி, தண்ணீர் விட ஊர்க்காரர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று ஆவணியில் கேட்டிருந்தேன். பேச்சு எடுபடவில்லை. அப்புறம் மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கப் பெரியப்பா வயலில் ஒரு குழாய் இறக்கினோம். ஓர் அடி பிவிசி துண்டு. ஓட்டை போட்ட பாதி மண்ணுக்குள். உள்ளே இருந்த சேற்றைக் கையால் அள்ளிவிட்டோம். தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கினால்தான் மோட்டார், பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் கட்டினோம்.

மேல்மண் லேசாக வெடித்ததும் பெரியப்பா, "பயிரைக் கொன்னுட்டியேடா" என்று பதறிவிட்டார். குழாயில் குச்சி விட்டு நுனி ஈரத்தைக் காட்டினேன். பயிர் வாடவில்லை.

நட்டதும் இரண்டு வாரம் வயலில் தண்ணீர் கட்டி வைக்காதது என் தப்பு. கோரை கிளம்பி, கைக்களை ஒருமுறை கூடுதலாக எடுத்தோம். சரி, பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேர் இப்போது குழாய் கேட்கிறார்கள்.