மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ட்விஸ்ட் பலூன் (நீள ரப்பர் பலூனை முறுக்கி நாய் போல உருவம் செய்வது) கொடுக்கலாமா?

சேலம் ட்விஸ்டர்:
கூடாது என்பது என் கட்சி. அமெரிக்காவில் 1994 சட்டப்படி ரப்பர் பலூன் பாக்கெட்டில் 8 வயதுக்குக் கீழானவர்களுக்கு எச்சரிக்கை அச்சிட்டாக வேண்டும். ஊதாத பலூனும் உடைந்த துண்டும்தான் அதில் சொல்லும் ஆபத்து. கடலை சிக்கினால் இருமலில் வெளியே வர வாய்ப்புண்டு. ரப்பர் சவ்வோ தொண்டை ஈரத்தில் ஒட்டி, மூச்சுவழியை மூடிவிடும்.

கோவை பார்ட்டி பம்ப்:
அண்ணா, ரிசப்ஷன் மண்டபத்தில் இது நடக்காது. அக்காவுக்கு பலூன் நாய் கொடுத்துட்டு தம்பிக்கு இல்லைன்னா, அவன் அதைப் பிடுங்கித்தான் கடிப்பான். அதுக்கு அம்மா கையில் கொடுத்து, விவரம் சொல்லி அனுப்புறது மேல். உடையாத மாதிரி கட்டுறதும் நம்ம வேலைதான். 260 பலூனை (ஊதினா 2 இஞ்ச் தடிமன், 60 இஞ்ச் நீளம் வர்றது) பம்பில் ஊதுங்க, நாய்க்கு வால்பக்கம் 4 இஞ்ச் ஊதாம விடுங்க, முடிச்சுப் போடும் முன் கொஞ்சம் காத்தை வெளியே விடுங்க. அழுத்தம் குறைஞ்சா முறுக்கின இடம் தாங்கும். ஏசி ஹாலில் கட்டினது வெளியே வெயிலுக்குப் போனா காத்து விரியும், அதுக்கும் இடம் வேணும்.

சேலம் ட்விஸ்டர்:
உடையாத ரப்பர் பலூன் கிடையாது தம்பி. நாயின் மூக்கும் காதும் பால்பல்லுக்கு அகப்படுகிற அளவுதான், பிள்ளை அங்கேதான் முதலில் கடிக்கும். வெடித்த திடுக்கில் மூச்சை உள்ளே இழுக்கும்போது துண்டு வாயில் இருக்கிறது. அம்மா கையில் கொடுத்தது எத்தனை நிமிஷம் அம்மா கையில் இருக்கும்? சின்னதுகளுக்குக் கையில் ஒரு படம் வரைந்து அனுப்புங்கள், போதும்.

குழந்தைகள் வார்டு:
இருவருமே தரையை விட்டுவிட்டீர்கள். வெட்டிய வால் நுனி, முடிச்சுத் துண்டு, வெடித்த கிழிசல் எல்லாம் தவழுகிற குழந்தைக்குக் கை எட்டும் இடத்தில் கிடக்கின்றன. இடுப்பில் ஒரு பை கட்டிக்கொள்ளுங்கள். ஒன்று வெடித்தால் வரிசையை நிறுத்தி, துண்டுகளைப் பொறுக்கி, ஒரு முழுப் பலூன் சேருகிறதா என்று பாருங்கள்.

ரப்பர் அலர்ஜி உண்டா என்றும் பெற்றோரிடம் கேளுங்கள். பலமுறை ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்கு அது அதிகம். வாழைப்பழம், கிவி தின்றால் வாய் அரிக்கிற பிள்ளையிடமும் கவனம் தேவை.

துண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டு, பிள்ளையால் இருமவும் அழவும் முடியாவிட்டால், உடனே 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் தொடங்குங்கள். முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையென்றால் தொப்புளுக்கு மேலே 5 அழுத்தம், மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றை அழுத்தவே கூடாது, நெஞ்சில்தான். மயங்கிவிட்டால் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, வாயில் மூச்சு ஊதும் முதலுதவி). கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல்விட்டுத் துழாவாதீர்கள், சவ்வு இன்னும் உள்ளே போகும்.

கோவை பார்ட்டி பம்ப்:
பையும் அலர்ஜிக் கேள்வியும் சரி மேடம். பலூன் நாயோட கண்ணை ஸ்டிக்கரா ஒட்டாம மார்க்கரில் வரையணும், அதையும் சேர்த்துக்கலாம். ஆனா கையில் படம் வரைஞ்சா அழுகை நிக்காது அண்ணா. சின்னப் பிள்ளைக்கு வெறும் காத்து அடிச்ச ஃபாயில் பலூன் (பளபளன்னு இருக்கிற பிளாஸ்டிக் தாள் பலூன்) கொடுக்கலாமே? அது ரப்பர் மாதிரி சிதறாது. ரிப்பன் ஒரு சாணுக்கு மேல வேண்டாம், கழுத்தில் சுத்தும்.

சேலம் ட்விஸ்டர்:
ஃபாயிலுக்குச் சம்மதம். அப்படியானால் புக்கிங் எடுக்கும்போதே மூன்று வயதுக்குள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, அந்தக் காசையும் ரேட்டில் சேர்த்துச் சொல்லுங்கள். ரப்பரை அம்மா கையில் கொடுப்பதற்கு இன்னமும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.