மறு: எபிரேய வேதாகமத்தின் 'கோஏல் ஹத்தாம்' (சொல்லுக்குச் சொல் 'இரத்தத்தை மீட்பவன்'), தமிழில் எப்படி?

> 'பழிவாங்குபவன்' என்றே விடலாமே, வேதாகமத் தமிழில் பழகிய சொல்தானே?

பழகியதுதான் சிக்கல். பழிவாங்குபவன் என்றதும் அரிவாளோடு ஒளிந்திருக்கும் ஆள்தான் கண்ணில் வருகிறான். எண்ணாகமம் 35 காட்டும் ஆள் வேறு: கொலையுண்டவனின் நெருங்கிய உறவினன். கொலைகாரனைக் கொல்வது அவன் கோபமல்ல, அவன்மேல் விழுந்த கடன்.

'கோஏல்' என்பதன் வேர்ப்பொருள் மீட்டல். லேவியராகமம் 25இல் உறவினன் வறுமையில் விற்ற காணியைத் திரும்ப வாங்குபவனும், அடிமையாக விலைபோனவனை மீட்பவனும் இதே கோஏல்தான். நம் பழைய மொழிபெயர்ப்பிலோ விதவை ரூத்தை மணக்கும் உறவினன் போவாஸ் 'சுதந்தரவாளி' (உரிமையுள்ள உறவினன்), யோபு சொல்வது 'என் மீட்பர்', இங்கே 'பழிவாங்குகிறவன்'. ஒரு சொல் மூன்றாகச் சிதறியதில், நிலமும் ஆளும் உயிரும் ஒரே குடும்பக் கணக்கில் இருந்தது மறைந்தேபோயிற்று.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'குருதிமீட்பர்'. ஆனால் மீட்பரோடு குருதியும் சேர்ந்தால் நமக்குச் சிலுவைதான் நினைவுக்கு வரும். (வீட்டில் சொல்லிப் பார்த்தேன். இரத்த வங்கி வேலையா என்றார்கள்.)

என் முன்மொழிவு: கோஏல், மீட்பாளி. கோஏல் ஹத்தாம், பழிமீட்பாளி. பங்காளி, சுதந்தரவாளி வரிசையில் உறவுவாடை இருக்கிறது. 'தாம்' இரத்தம்தான் என்றாலும், யாத்திராகமம் 22இல் அதன் பன்மையை 'இரத்தப்பழி' என்றே பெயர்த்திருக்கிறார்கள். ஆகவே 'பழி' பொருந்தும்.

உபாகமம் 19இல் போட்டுப் பாருங்கள். இருவர் காட்டில் மரம் வெட்டுகிறார்கள். ஓங்கிய கோடரியின் இரும்பு காம்பைவிட்டுக் கழன்று மற்றவன்மேல் பட்டு அவன் சாகிறான். வெட்டியவன் அடைக்கலப்பட்டணத்துக்கு, அதாவது கைதவறிக் கொன்றவன் தஞ்சம் புகும் ஆறு ஊர்களில் ஒன்றுக்கு, ஓடவேண்டும். பிரதான ஆசாரியன் சாகுமுன் அந்த ஊரின் எல்லைக்கு வெளியே வந்தால், பழிமீட்பாளி அவனைக் கொன்றாலும் குற்றமில்லை என்கிறது எண்ணாகமம் 35. இங்கே 'பழிவாங்குபவன்' என்றால், கைதவறியதற்கு என்ன பழி என்று வாசகர் மலைப்பார். சிந்திய இரத்தம் எப்படிச் சிந்தினாலும் குடும்பக் கணக்கில் நிற்கிறது என்பது 'மீட்பாளி'யில்தான் தெரியும்.

ஒரு முடிச்சு பாக்கி. கொலைகாரன் உயிருக்குப் பணம் வாங்கக்கூடாது என்கிறது எண்ணாகமம் 35:31. அந்தப் பணம் எபிரேயத்தில் 'கோஃபெர்', வேறு வேர். தமிழிலோ அதையும் 'மீட்கும் பொருள்' என்றே எழுதிவிட்டார்கள். அதற்கு 'உயிரீடு' வைத்தால் மோதல் தீரும். 'ஈடு' அடமானத்தையும் குறிக்குமே என்பவர்கள் வேறு சொல் தாருங்கள்.