18 நாளில் ஃப்ளைட், காரை விற்க வேண்டும்: ஃபாரத்தில் பெயரைக் காலியாக விட்டுக் கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

சபராளி (கீழக்கரை):

எல்லோருக்கும் சலாம். வேலை ஷார்ஜாவில். லீவில் ஊருக்கு வந்து மூன்று வாரம் ஓடிவிட்டது, இன்னும் 18 நாளில் ஃப்ளைட். அதற்குள் என் காரை விற்றுவிட்டுப் போக வேண்டும். வீட்டில் ஓட்ட ஆள் கிடையாது, வாப்பா கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடுவதே இல்லை, வண்டி கொல்லையில் நின்று உப்புக் காற்று தின்கிறது. 2016 மாடல் ஸ்விஃப்ட் டீசல், டிஎன் 65, 71 ஆயிரம் கிலோமீட்டர், ஒரே ஓனர்.

மதுரையிலிருந்து ஒரு பார்ட்டி புரோக்கரோடு வந்து பார்த்துவிட்டு 3,40,000 பேசி முடித்தார்கள். விலையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அட்வான்ஸ் 50 ஆயிரம் ஜிபே, மீதி 2,90,000 ரொக்கமாகத் தருவார்களாம். ஆர்டிஓவில் ஓனர் பெயர் மாற்றக் கொடுக்கும் ஃபாரம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டுக் கையெழுத்து வேண்டுமாம், ஒரிஜினல் ஆர்சி அன்றைக்கே வேண்டுமாம், பெயர் மாற்றுவதை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். யார் பெயருக்கு என்று கேட்டால் "எல்லாரும் இப்படித்தான் பாய் செய்றாங்க" என்கிறார் புரோக்கர்.

இன்னொரு தலைவலி, ஆர்சியில் பேங்க் பெயர் அப்படியே இருக்கிறது. லோன் 2021ல் முடிந்தது, பாக்கி இல்லை என்று பேங்க் தரும் என்ஓசி கடிதத்தை வாங்கி பீரோவில் வைத்ததோடு மறந்துவிட்டேன்.

அப்புறம் நேற்று ஒரு ஃபோன். உச்சிப்புளி நேவியில் போஸ்டிங் என்றார், ஐடி கார்டு போட்டோ அனுப்பினார், வண்டியைப் பார்க்கவே வேண்டாம் 3,60,000 தருகிறேன், அட்வான்ஸ் வர இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்கள் என்றார். இன்னும் ஸ்கேன் செய்யவில்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

தொண்டி ராவுத்தர்:

நேவி ஆளை உடனே பிளாக் பண்ணுங்கள். பணம் நமக்கு வர ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் நம் கணக்கிலிருந்து போகத்தான் செய்யும். பரிசல்காரனுக்கு நாம் துடுப்புப் போடுகிற கதை. உண்மையான நேவிக்காரர் என்றால் உச்சிப்புளியிலிருந்து கீழக்கரை வந்து வண்டியைப் பார்க்க அரை நாள் கூட ஆகாதே, பார்க்காமல் 20 ஆயிரம் கூட்டித் தர அவருக்கு என்ன வேண்டுதல்? ஏற்கெனவே ஏதாவது போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு உடனே அடியுங்கள், நேரம் போகப் போகப் பணத்தைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம்.

மதுரை பார்ட்டியைப் பற்றி இவ்வளவு பயப்பட வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. நான் இரண்டு வண்டி இப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

உப்புக்காற்று (தங்கச்சிமடம்):

ராவுத்தர் அண்ணே, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு ஆனது, அதைச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பழைய ஆம்னி இருந்தது. ஐஸ் பெட்டி ஏற்ற வைத்திருந்தேன். ராமநாதபுரத்தில் ஒரு ஆளிடம் விற்றேன், இதே மாதிரி பெயர் எழுதாத ஃபாரம், இதே மாதிரி "நாங்க பாத்துக்கிறோம்". நானும் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏழு மாதம் கழித்து விடியற்காலை வீட்டு வாசலில் யூனிஃபார்ம் ஆட்கள். வேதாளை பக்கம் கடற்கரையில் வண்டி நிற்கிறது, உள்ளே மூட்டை மூட்டையாகக் கடல் அட்டை, ஓட்டினவன் இருட்டில் ஓடிவிட்டான், நம்பரைப் போட்டுப் பார்த்தால் என் பெயர், என் முகவரி. கடல் அட்டை 2001லிருந்து வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, புலிக்கு என்ன இடமோ அதுக்கும் அதே இடம். எனக்குத் தெரியாது சார், விற்றுவிட்டேன் சார் என்றால் "யாருக்கு விற்றாய், எழுத்தில் காட்டு" என்கிறார்கள். என்னிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. வாங்கினவன் ஃபோன் நம்பர் எப்போதோ செத்துப்போயிருந்தது. வக்கீலுக்குக் கொடுத்தது வண்டி விற்ற காசை விட அதிகம், எத்தனை நாள் தொழிலுக்குப் போகாமல் அலைந்தேன் என்று கணக்கே வைக்கவில்லை.

மதுரைக்காரர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று சொல்லவில்லை தம்பி. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் அவர்கள் யாருக்கு விற்பார்கள், அவன் யாருக்கு விற்பான்? நம் கரையில் இலங்கைக்குப் பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை கடத்துகிறவனுக்குத் தன் பெயரில் இல்லாத வண்டிதான் வேண்டும். டிஎன் 65 போர்டு என்றால் செக்போஸ்ட்டில் உள்ளூர் வண்டி என்று விட்டுவிடுவார்கள் என்று அதற்கு ஒரு தனி மவுசு வேறு. நீங்கள் ஷார்ஜாவில் இருப்பீர்கள், கதவைத் தட்டும்போது திறப்பது உங்கள் வாப்பா.

ஆட்டோ கன்சல்டிங் (ராமநாதபுரம்):

தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், காலியான ஃபாரம் எங்களுக்கு வசதி, உங்களுக்கு வினை. எங்கள் ஆட்கள் பெயர் மாற்றாமல் வைத்திருப்பதே அடுத்த பார்ட்டி கிடைக்கும்போது நேராக அவர் பெயருக்குப் போட்டு ஒரு மாற்றத்தை மிச்சம் பிடிக்கத்தான்.

ஃபாரம் 29 என்பது என்ன என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். இன்ன தேதியில் இன்னாருக்கு இந்த வண்டியை விற்று ஒப்படைத்தேன் என்று நீங்கள் ஆர்டிஓவுக்குக் கொடுக்கும் தகவல் அது. அதில் "இன்னார்" இல்லை என்றால் அந்தத் தாளுக்கு என்ன அர்த்தம்? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50 விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அவர் செய்வாரா மாட்டாரா என்று நீங்கள் காத்திருக்கத் தேவையே இல்லை. 2018ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு. இன்சூரன்ஸ் முடிந்த வண்டியை ஒருவன் ஆள் மீது ஏற்றினான் என்றால் நோட்டீஸ் உங்களுக்கு வரும்.

வாங்குவது வியாபாரி என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு ஆர்டிஓ அங்கீகாரம் என்று விதி வந்துவிட்டது. அங்கீகாரச் சான்று உள்ளவர் என்றால் ஃபாரம் 29சி மூலம் வண்டி அவர் கைக்குப் போனதை ஆன்லைனில் பதியலாம், அதன் பிறகு பொறுப்பு அவருடையது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் பேசலாம், மழுப்பினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் முதல் வேலை விற்பதே இல்லை, ஆர்சியில் இருக்கும் ஹெச்பியை, அதாவது பேங்க் லோன் பதிவை, நீக்குவது. அது நிற்கும் வரை பேங்க் சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. ஃபாரம் 35ல் பேங்க் கையெழுத்தும் சீலும், கூடவே என்ஓசி. பீரோவில் உள்ள என்ஓசியில் தேதியைப் பாருங்கள், பல பேங்குகள் அந்தக் கடிதத்திலேயே 3 மாதம் செல்லும் என்று எழுதியிருப்பார்கள். பழசு என்றால் புதுசு கேட்டு வாங்க வேண்டும், திங்கட்கிழமை காலையிலேயே பேங்கில் போய் நில்லுங்கள். விண்ணப்பம் பரிவாகன் என்ற அரசு வாகனத் தளத்தில் போடலாம். அதில் உள்ள மொபைல் நம்பர் உங்கள் கையில் இருக்கும் நம்பர்தானா என்று இன்றைக்கே பாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். சபரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருக்கிறவர்கள் பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள், பழைய சிம் எப்போதோ வேறு யாருக்கோ போயிருக்கும். அபராதச் சலான் ஏதாவது நிலுவையில் இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள்.

பேங்க்கில் இருந்தவன் (பட்டணம்காத்தான்):

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். 33 வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவன்.

2,90,000 ரொக்கம் வாங்காதீர்கள். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2017லிருந்து வருமான வரிச் சட்டத்தில் உள்ள விதி, மீறினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதம். அந்த அபராதம் ரொக்கம் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கின உங்களுக்கு. இன்றைக்கு ஒன்றரை, நாளைக்கு ஒன்று நாற்பது என்று பிரித்து வாங்கினாலும் ஒரே விற்பனைதான். கள்ள நோட்டு, வழியில் பறிகொடுப்பது எல்லாம் அதற்கு மேல்.

ஆர்டிஜிஎஸ் செய்யச் சொல்லுங்கள், பெரிய தொகையைக் கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பும் முறை அது. 2 லட்சத்திலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் போகும், 2020 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது. ஒரு நாள் முன்பே உங்கள் கணக்கை அவர் சேர்த்துவிட்டு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கட்டும், ஏனென்றால் புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாள் பெரிய தொகை போக விடாத பேங்குகள் உண்டு, கடைசி நேரத்தில் "லிமிட் பாய், பாதியை நாளைக்கு அனுப்புறேன், சாவியைக் கொடுங்க" என்று நிற்பார்கள். வெளிநாட்டில் வேலை என்பதால் உள்ளூர் வரவுக்கான உங்கள் என்ஆர்ஓ கணக்கு எண்ணைக் கொடுங்கள், வெளிநாட்டுச் சம்பளத்துக்கான என்ஆர்இயில் உள்ளூர்ப் பணம் போடக்கூடாது.

அதைவிட முக்கியமான ஒன்று: வண்டி வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும். "மச்சான் அக்கவுண்ட்டிலிருந்து போடுறேன்", "கம்பெனி அக்கவுண்ட்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எங்கோ வடநாட்டில் ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம் அப்படி உங்கள் கணக்குக்கு வந்திருந்தால், சைபர் போலீஸ் தடம் பிடித்து வந்து உங்கள் கணக்கை முடக்குவார்கள். வண்டியும் போய், பணமும் போய், ஷார்ஜாவிலிருந்து ஏதோ ஒரு மாநிலத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு மெயில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஆர்சி யார் பெயருக்குப் போகிறதோ, ஆதாரில் யார் பெயரோ, பணம் அனுப்பும் கணக்கும் அவர் பெயர்.

எஸ்எம்எஸ்ஸையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் பணம் என்று நினைக்காதீர்கள். உங்கள் பேங்க் ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள், இல்லாவிட்டால் இருவரும் பேங்க்குக்குள்ளேயே உட்கார்ந்து முடியுங்கள். டிடி என்றால் அவர் எடுக்கும் கிளைக்கு நீங்களும் கூடப் போங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டும் டிடியில் போலி பார்த்திருக்கிறேன்.

சபராளி (கீழக்கரை):

ஜசாக்கல்லாஹ். உப்புக்காற்று காக்கா சொன்னதைப் படித்துக் காட்டியதும் உம்மா புரோக்கர் நம்பரையே அழிக்கச் சொல்லிவிட்டார். இன்னொரு சந்தேகம், ஆர்டிஓவில் பெயர் மாறுவதற்குள் நான் ஏறிவிட்டால்? வண்டியைக் கொடுத்த நாளுக்கும் பெயர் மாறும் நாளுக்கும் நடுவில் ஏதாவது நடந்தால்?

ஆட்டோ கன்சல்டிங் (ராமநாதபுரம்):

அதற்குத்தான் டெலிவரி நோட். முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி போடுங்கள். வண்டி எண், என்ஜின் எண், சேஸிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், தொகை, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு வந்தது, தேதி, அதோடு மணி. தேதி மட்டும் போதாது. காலை 11.20க்குக் கொடுத்தோம், அதன் பிறகு வரும் விபத்து, அபராதம், வழக்கு எல்லாம் வாங்கியவர் பொறுப்பு என்று இருக்க வேண்டும். ஒரு பிரதி உங்களிடம். சாவி கொடுக்கும்போது இருவரும் வண்டியோடு நின்று ஒரு போட்டோ. பெயர் எழுதிய ஃபாரம் 29ஐ அன்றே ஆர்டிஓவுக்குப் போடுங்கள், ஒப்புகையை போனிலும் மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள். டெலிவரி நோட் இருந்தாலும் ஆர்சியில் பெயர் மாறாத வரை முழு நிம்மதி இல்லை, அதனால் கொடுக்கும் நாளிலேயே மாற்ற விண்ணப்பமும் போகட்டும்.

ஆதார் நகல் கொடுத்தால் எண் மறைத்த நகலைக் கொடுத்து, இந்த வண்டி விற்பனைக்கு மட்டும் என்று குறுக்கே எழுதுங்கள். இன்சூரன்ஸை ரத்து செய்ய வேண்டாம், வாங்கியவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றட்டும். இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி மட்டும் உங்களுடையது, கம்பெனியில் கடிதம் வாங்கி வைத்தால் 3 வருடத்துக்குள் நீங்கள் எடுக்கும் அடுத்த வண்டிக்குப் போடலாம்.

கிரீஸ் கை (உச்சிப்புளி):

ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். கடற்கரை வண்டி என்றால் கதவின் அடி விளிம்பு, ஃப்ளோர், சைலென்சர் தாங்கி மூன்றையும் துரு பிடித்ததும் பிடிக்காததும் சேர்த்து போட்டோ எடுத்து வாங்குபவருக்கு முன்பே அனுப்பிவிடுங்கள், நோட்டிலும் பார்த்துத்தான் வாங்கினேன் என்று ஒரு வரி. பெயின்ட் அடித்து மறைத்தால் ஆறு மாதத்தில் வெளியே வரும், அப்புறம் வாப்பாவிடம்தான் சண்டைக்கு வருவார்கள். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸைப் பார்த்துவிட்டு நீங்களும் கூட உட்காருங்கள், இரண்டாவது சாவி வீட்டில் இருக்கட்டும்.

சபராளி (கீழக்கரை):

நாளை இரவு ஃப்ளைட், அதற்குள் எழுதிவிடுகிறேன். மதுரை பார்ட்டியிடம் வாங்குபவர் பெயரும் ஆதாரும் வேண்டும் என்று சொன்ன அன்றே "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள், இன்னும் யோசிக்கிறார்கள். நேவி ஆள் மூன்று வேறு நம்பரில் அழைத்தார். பேங்க் பழைய என்ஓசி செல்லாது என்று சொல்லிப் புதுசு தர நான்கு நாள் எடுத்தது.

கடைசியில் பெரியபட்டினத்து வாத்தியார் ஒருவர் வாங்கினார், 3,25,000. பதினைந்தாயிரம் குறைவுதான். பேங்க்கிலேயே உட்கார்ந்து ஆர்டிஜிஎஸ், இருப்பு ஏறிய பிறகு சாவி, அங்கிருந்து நேராக ஆர்டிஓ. இன்று காலை ஆப்பில் பார்த்தேன், ஓனர் இடத்தில் அவர் பெயர் வந்துவிட்டது, கார்டு ஸ்பீடு போஸ்டில் அவர் வீட்டுக்குப் போகுமாம்.

இவ்வளவு பேர் சொல்லியும் ஒன்று விட்டுப்போனது. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போகலூர் டோலில் பணம் கழிந்ததாக எனக்கு மெசேஜ். ஃபாஸ்டாக் இன்னும் என் கணக்கில். வாத்தியார் பேத்தி காதுகுத்துக்குப் பரமக்குடி போயிருக்கிறார். ஃபோன் பண்ணினேன், சிரித்துவிட்டு உடனே ஜிபேயில் அனுப்பினார், நானும் டேக் கொடுத்த பேங்குக்கு அழைத்து அதை மூடச் சொல்லிவிட்டேன். ஊர் திரும்பும் வழியில் டோலில் நின்றுவிடக்கூடாது என்று பரமக்குடியிலேயே புது டேக் வாங்கி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.