புதுப்பிப்பு: நார்க்கட்டியும் கழற்சிக்காயும், ஆறு மாதம் கழித்து

ஆறு மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: கர்ப்பப்பையில் 4 செ.மீ. நார்க்கட்டி, அதிக உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் 8.1; அறுவை சிகிச்சை இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று. பதில் சொன்ன அக்காக்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டி கரையவில்லை. கட்டியைக் கரைக்கும் என்று சொல்லப்படும் நாட்டு மருந்தான கழற்சிக்காய்ப் பொடியை மிளகோடு மோரில் கலந்து 48 நாள் குடித்தேன். கசப்பு இன்னும் தொண்டையில் நிற்கிறது; ஸ்கேனில் அதே 4 செ.மீ.

ஆனால் ஹீமோகுளோபின் 11.4. இரும்புச் சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குகிறேன். சாப்பிட்ட கையோடு காபி குடிப்பதை நிறுத்தினேன். அது உடலில் இரும்பு சேர விடாதாம். கழற்சிக்காயைவிட இதுதான் கடினமாக இருந்தது! உதிரப்போக்கு அதிகமுள்ள நாட்களுக்கு, அதைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை டாக்டர் எழுதித் தந்தார். முருங்கைக்கீரையை விடவில்லை, அது மட்டும் போதாது என்பதும் புரிந்தது.

கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடம்தான் முக்கியமாம். கருப்பைக் குழிக்குள் துருத்தும் சிறு கட்டிகூடப் பாடாய்ப் படுத்தும். வெளிப்புறம் வளர்வது பெரிதானாலும் சத்தமில்லாமல் கிடக்கலாம். என்னுடையது தசைச்சுவருக்குள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் வளர்க்கும் கட்டி என்பதால் மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கும். எனக்கு வயது 47. அதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்.

புற்றுநோயாகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மிக மிக அரிது என்றார் டாக்டர்.

கழற்சிக்காய்ப் பொடி அரை டப்பா மீதி இருக்கிறது. கேட்காதீர்கள், தரமாட்டேன்.