ஒர்க் ஆர்டர் முடிச்சதும் ஸ்டாக் தானா கழியுது: உங்க கம்பெனியில எப்படி?

ஆம்பூர் பிளானிங்:
ஷூ கம்பெனியில பிளானிங் பார்க்கிறேன், 11 வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் எல்லாம் இஷ்யூ ஸ்லிப்தான். கட்டிங்குக்குத் தோல் போனா ஒரு ஸ்லிப், தைக்கிற க்ளோஸிங்குக்கு நூல் போனா ஒரு ஸ்லிப், லேஸ் ஓட்டைக்கு வைக்கிற ஐலெட், முனை விறைப்பா நிக்க வைக்கிற டோ பஃப், அட்டைப்பெட்டின்னு தனித்தனியா. சாயங்காலம் உட்கார்ந்து அத்தனையும் சிஸ்டத்துல ஏத்தி முடிக்கறதுக்குள்ள கம்பெனி பஸ் போயிடும்.

அப்புறம் பேக்ஃப்ளஷ் போட்டாங்க. 1,200 ஜோடி முடிஞ்சதுன்னு ஒரு தடவை அடிச்சா போதும். ஒரு ஜோடிக்கு எது எவ்வளவுன்னு பிஓஎம்ல, அதாவது பொருள் பட்டியல்ல இருக்கோ, அதை 1,200-ஆல பெருக்கி அதுவே ஸ்டாக்ல கழிச்சிடும். முதல் மாசம் நிம்மதியாத்தான் போச்சு.

அடுத்த மாசம் ஒரு நாள் காலையில கட்டிங் சூப்பர்வைசர் வந்து நின்னார். "சின்ன ஆர்டர் சார், பிரவுன் தோல் 200 அடி வேணும். ஸ்டோர்ஸ்ல இல்லேங்கறாங்க." என் ஸ்கிரீன்ல 262 சதுர அடின்னு பச்சையில நிக்குது. நானே ராக்குக்குப் போனேன். கீழ்த்தட்டுல ரெண்டே தோல் சுருட்டிக் கிடந்தது. பின்பக்கம் ஓரத்துல குத்தியிருந்த அளவைப் படிச்சேன்: ஒண்ணு 10½, இன்னொண்ணு 11½. மொத்தம் 22 அடி. மீதி 240 எங்கே?

எல்லார் பார்வையும் ஸ்டோர்ஸ் அண்ணன் மேலதான் போச்சு. சொல்லவே கஷ்டமா இருக்கு, என் பார்வையும். அவர் ஒரு வார்த்தை பேசல, ஸ்டோர்ஸ் வரவு செலவு எழுதற பின் கார்டை (bin card) எடுத்து மேஜையில வெச்சார். கடைசியில கட்டிங் மாஸ்டர்தான் பாக்கெட்ல இருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார். முந்தைய 1,200 ஜோடி ஆர்டருக்கு ஜோடிக்கு 2.1 அடி போயிருக்கு. பிஓஎம்ல இருந்தது 1.9. இப்ப பெருக்கிப் பாருங்க.

1.9 வந்தது சாம்பிள் சைஸ் 41-ல அளந்து. அந்த ஆர்டர்ல பாதிக்கு மேல 44, 45. போதாததுக்கு அந்த லாட் தோல்ல உண்ணிக் கடியும் கீறலும் நிறைய. கத்தி அதையெல்லாம் ஒதுக்கித்தானே போகணும்? பிஓஎம்முக்கு உண்ணிக் கடி தெரியுமா?

இப்ப தோலை மட்டும் பேக்ஃப்ளஷ்ல இருந்து எடுத்துட்டோம். முத்திரை அளவை வெச்சு கையால இஷ்யூ, மிச்சம் திரும்பினா அதுக்கும் என்ட்ரி. ஐலெட், லேஸ், பெட்டி எல்லாம் தானா கழியட்டும், அதுல பிரச்சனையே வந்ததில்ல. ஸ்டோர்ஸ் அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். "டீ வாங்கிக் கொடு"ன்னார்.

சிப்காட் ஸ்டோர்ஸ்:
ராணிப்பேட்டைல ஃபேப்ரிகேஷன் யூனிட். எங்களுக்கு அளவு சரி, நேரம்தான் தப்பு. ஒரு ஜாப் முடிய மூணு வாரம் ஆகும். பிளேட் முதல் வாரமே வெட்டி வெல்டிங்குக்குப் போயிடும். ஆனா ஜாப் முடிஞ்சாத்தான் கழியும்னு இருந்ததால, மூணு வாரமும் பிளேட் ஸ்டோர்ஸ்லயே இருக்கிற மாதிரி சிஸ்டம் காட்டும். பர்ச்சேஸ்ல அதை நம்பி ஆர்டர் போடாம விட்டாங்க. அடுத்த ஜாப் நின்னுச்சு.

நாங்க எஸ்ஏபி சாஃப்ட்வேர். எதைத் தானா கழிக்கணும்னு மெட்டீரியல் வாரியா வெச்சுக்கலாம், ஆம்பூர்க்காரர் தோலுக்குச் செஞ்ச மாதிரி. பிளேட்டை வெட்டு முடிஞ்ச ஆபரேஷன்லயே கழியற மாதிரி மாத்தினோம். இன்னொண்ணு, ஸ்டாக் பத்தலேன்னா கழியாத ஐட்டமெல்லாம் சிஓஜிஐங்கற லிஸ்ட்ல போய் உட்காரும். யாராவது தினமும் திறந்து பார்க்கணும். எங்க ஆபீஸ்ல "அது என் வேலை இல்ல"ன்னு மூணு பேர் சொன்னோம். நானும் ஒருத்தன்.

வாணியம்பாடி ஜாப்ஒர்க்:
அண்ணே, என் கதை சின்னது. ஷூவோட மேல்பாகம், அதாவது அப்பர் தைக்கிற யூனிட். நூல் ஸ்டாக் கோன், அதாவது நூல்கண்டு கணக்கு. பிஓஎம் போட்ட பையன் ஜோடிக்கு 14-ன்னு போட்டான். மீட்டர்னு நினைச்சு. யூனிட் மாத்தவே இல்ல. 500 ஜோடி முடிச்சோம், 7,000 கோன் கழிஞ்சு போச்சு. இருந்ததே 60. மைனஸ்ல போகலாம்னு டிக் போட்டு வெச்சிருந்ததால சிஸ்டம் ஒரு கேள்வியும் கேக்கல. மைனஸ் 6,940. ஆடிட்டர் போன்ல சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

தோல் எங்களுது இல்ல, பார்ட்டியுது. ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப்ஒர்க்குக்கு வந்த மூலப்பொருள் ஒரு வருஷத்துக்குள்ள அவங்களுக்குத் திரும்பணும். எங்க புக்குல பிஓஎம் கணக்கு, அவங்க புக்குல சலான் கணக்குன்னு இருந்தா ரெண்டும் ஒத்துப் போகாது. அதனால பார்ட்டி சரக்குல பேக்ஃப்ளஷ் பக்கமே நாங்க போறதில்ல.

மேல்விஷாரம் டேட்டா என்ட்ரி:
எங்க கம்பெனியில 120-ன்னு அடிக்கறதுக்குப் பதிலா 1,200 அடிச்சது நான்தான். கையால இஷ்யூ பண்ற காலத்துல ஒரு தப்புக்கு ஒரு ஐட்டம் தப்பாகும். இதுல ஒரு சைபருக்கு 34 ஐட்டம். கேன்சல் பண்ணா எல்லாம் திரும்ப வந்துடும்னாங்க, வந்துச்சு. ஆனா அதுக்குள்ள லேஸ் இல்லேன்னு காட்டி அவசர பர்ச்சேஸ் போட்டுட்டாங்க. அந்த லேஸ் மூட்டை இன்னும் மாடிப்படிக்குக் கீழதான் இருக்கு.

நாங்க ஈஆர்பிநெக்ஸ்ட் சாஃப்ட்வேர். அதுல பிஓஎம்படி கழிக்கறதா, ஃப்ளோருக்கு மாத்தின சரக்கை வெச்சுக் கழிக்கறதான்னு கேக்கற செட்டிங் இருக்கு. நாங்க ரெண்டாவதுக்கு மாறிட்டோம். என்ட்ரி கூடுது, ஆனா ராத்திரி தூக்கம் வருது. ஆம்பூர் சார், பசையை என்ன பண்றீங்க?

ஆம்பூர் பிளானிங்:
பசையை பிஓஎம்லயே வைக்கலம்மா. டின்னை லைனுக்குக் கொடுத்த அன்னிக்கே செலவுன்னு எழுதிடறோம். மூடி சரியா மூடலேன்னா காலையில பாதி கட்டியா கிடக்கு. அதை எந்த ஒர்க் ஆர்டர்ல கழிக்கறது?