சாந்தினி சௌக் கல்லு பெஞ்சு: உட்கார்ந்து பார்த்தவங்க மட்டும் பேசுங்க

கரோல்பாக் சேது:
இந்த மன்றத்துல வெயில் பத்தின திரியில ஒருத்தர் தில்லி கடைத்தெரு சாந்தினி சௌக் பத்தி எழுதியிருக்கார்: "சாந்தினி சௌக் மாதிரி பொது இடம் இந்தியாவுலயே இல்லை. வெயில்னு குறை சொல்றவங்க ஏசியில வளர்ந்தவங்க." படிச்சதுலேருந்து பத்திக்கிட்டு வருது. நான் மின்சாமான் வியாபாரம் பண்றவன். சரக்கு எடுக்க அங்கே இருக்கிற பகீரத் பேலஸ் மின்சாமான் சந்தையிலதான் பாதி நாள் நிக்கிறேன். சாந்தினி சௌக் தெருவை 2021 செப்டம்பர்ல புதுசாக்கித் திறந்தாங்க. செங்கோட்டையிலேருந்து ஃபத்தேபுரி மசூதி வரைக்கும் 1.3 கிலோமீட்டர், சிவப்பு கிரானைட் தரை. காலை 9லேருந்து ராத்திரி 9 வரை மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. அதெல்லாம் நல்லதுதான். ஆனா மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு அந்தக் கல்லு பெஞ்சுல ஒரு மனுஷன் உட்கார முடியுதா? மூட்டை தூக்குற பல்லேதாருங்க தலையில வெச்ச சும்மாட்டைப் பிரிச்சு, நாலா மடிச்சுப் போட்டு அதுமேல உட்கார்றாங்க. அவங்களும் ஏசியில வளர்ந்தவங்களா?

வரைபடம்:
எழுதினவன் நான்தான். இன்னும் அதையேதான் சொல்றேன். 2018க்கு முன்னாடி அந்தத் தெருவுல நடந்திருக்கீங்களா? தலைக்கு மேல மின்கம்பிக் கொத்து, காலுக்குக் கீழே குழி, எதிர்ல கார், ஸ்கூட்டர். இன்னிக்கு வயசானவங்க பயமில்லாம நடக்கிறாங்க. புகை இல்லை, ஹாரன் இல்லை. ஒரே ஒரு பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மொத்தத் திட்டத்தையும் திட்டுறது நம்ம ஆளுங்களுக்கே உரிய பழக்கம்.

கரோல்பாக் சேது:
மொத்தத் திட்டத்தையும் நான் எங்கே திட்டினேன்? மறுபடி படிங்க. கல்லு பெஞ்சு. மே மாசம். மதியம் ரெண்டு மணி. முடியுமா, முடியாதா?

வரைபடம்:
அந்த நேரத்துல தில்லியில எங்கேயுமே உட்கார முடியாது.

மயூர்விஹார் மீனா:
எங்கேயுமே முடியாதுன்னு சொல்லாதீங்க சார். லோதி கார்டன்ல வேப்பமரத்தடியில அதே ரெண்டு மணிக்கு ஆளுங்க துண்டை விரிச்சுத் தூங்குறாங்க. காத்து ரெண்டு இடத்துலயும் சூடுதான். ஆனா மரத்தடியில மேலேயிருந்து வெயில் நேரா விழாது, தரையும் சுவரும் வாங்கின சூட்டை உடம்பு மேல திருப்பி அடிக்காது. கல்லு பகல் முழுக்க வாங்கி, ராத்திரியில கக்குது. போன மே மாசம் எங்க அம்மாவை சாந்தினி சௌக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு கடை ஷட்டரை ஒட்டி ஒரு முழ நிழல்ல ஒண்டிக்கிட்டு நின்னாங்க, வெளியில வரவே இல்லை. 52.9 டிகிரி அடிச்ச ஊருக்கு மரமில்லாத சதுக்கம் எதுக்கு?

வரைபடம்:
வந்துடுச்சு 52.9! 2024 மே 29ல தில்லி முங்கேஷ்பூர்ல இருக்கிற தானியங்கி வானிலைக் கருவி காட்டின எண் அது. கருவி மூணு டிகிரி கூடுதலாக் காட்டியிருக்குன்னு வானிலைத் துறையே அப்புறம் சொல்லிடுச்சு. அன்னிக்கு தில்லியோட முக்கிய வானிலை நிலையமான சஃப்தர்ஜங்ல 46.8. எண்ணையே தப்பா வெச்சுக்கிட்டு என்னத்த விவாதம் மேடம்?

கரோல்பாக் சேது:
சரி, 46.8. அதுல உட்கார்ந்து காட்டுங்க. கல்லு பெஞ்சுல.

தி.நகர் ரங்கன்:
தில்லிக்காரங்க சண்டைக்குள்ள வர்றேன்னு கோவிச்சுக்காதீங்க. எங்க பாண்டி பஜார் 2019லயே நடைபாதை வளாகம் ஆயிடுச்சு. சாயங்காலம் வந்து பாருங்க, குடும்பம் குடும்பமா உட்கார்ந்திருப்பாங்க. சாந்தினி சௌக்ல பனிச்சாரல் குழாய் போடுங்க, தீர்ந்துது.

கரோல்பாக் சேது:
பாண்டி பஜார்ல இன்னும் கார் ஓடுது. நான் கேட்டது மதியம், நீங்க சொல்றது சாயங்காலம்.

மயூர்விஹார் மீனா:
சாரல் தில்லியில மே மாசம் வேலை செய்யும், காத்து வறண்டு கிடக்கும். ஜூலையில மழை ஈரம் வந்ததும் தண்ணி ஆவியாகாது, மேல ஒட்டிக்கிட்டு இன்னும் புழுங்கும். தவிர, இங்கே கோடையில டேங்கர் லாரிக்குக் குடத்தோட ஓடுறாங்க. தெருவுல தெளிக்கத் தண்ணி யார் தருவா?

தி.நகர் ரங்கன்:
யோசனை சொன்னா இப்படித்தான் பாயுவீங்களா? தலைநகர்ல இருக்கிறதாலே வர்ற திமிர் இது.

வரைபடம்:
மரம் மரம்னு கத்துறவங்களுக்கு ஒண்ணு. தரைக்கு அடியில மின்கேபிள், தண்ணிக் குழாய், சாக்கடை எல்லாம் நெருக்கி ஓடுது. வேர் எங்கே போகும்? ஜனவரியில வந்து பாருங்க, அதே கல்லு பெஞ்சுல வெயில் காய்ஞ்சுக்கிட்டு வேர்க்கடலை உரிக்கிறாங்க. நிழல் போட்டா குளிர்காலத்துல நடுங்குவாங்க.

மயூர்விஹார் மீனா:
முசுக்கொட்டை (மல்பெரி) மரம் குளிர்காலத்துல இலை உதிர்க்கும், கோடையில அடர்ந்து நிக்கும். தில்லியில தெருவுக்குத் தெரு இருக்கு. மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்கு சிமென்ட் பூசக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2013லயே உத்தரவு போட்டிருக்கு. இதெல்லாம் படிக்காமலா வரைபடம் போடுறீங்க?

கரோல்பாக் சேது:
வேருக்கு இடம் இல்லையாம். தெரு நடுவுல இருக்கிற மேடையில டிரான்ஸ்ஃபார்மர் வெச்சாங்களே, அதுக்கு இடம் எப்படி வந்தது? 1650ல ஷாஜகான் மகள் ஜஹானாரா இந்தத் தெருவை அமைச்சப்போ நடுவுல வாய்க்கால்ல தண்ணி ஓடிச்சு, கரையில மரம் நின்னுச்சு. தண்ணி ஓடின இடத்துல இப்ப டிரான்ஸ்ஃபார்மர். பல்லேதாரு சும்மாட்டு மேல உட்கார்றான். சும்மாடு இல்லாதவன் நிக்கிறான்.

வரைபடம்:
முகலாயர் காலத்துல இத்தனை லட்சம் பேர் இல்லை. பேசத் தெரிஞ்ச நீங்க போன வருஷம் குடியிருப்புப் பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட்ட கணக்கை இன்னும் காட்டலையே?

கரோல்பாக் சேது:
கணக்கு பொதுக்குழுவுல வெச்சாச்சு. அன்னிக்கு நீங்க வரலை. பந்தல்னு நீங்களே சொன்னீங்க, அதையே கேக்குறேன். மூணு மாசத்துக்குக் கித்தான் பந்தல் போட்டா என்ன கேடு?

வரைபடம்:
2022 நவம்பர்ல உங்க பகீரத் பேலஸ் எரிஞ்சது மறந்துபோச்சா? தெருவுக்குக் குறுக்கே துணி கட்டினா தீயணைப்பு ஏணி எப்படி ஏறும்?

கரோல்பாக் சேது:
மறக்கலை. எனக்குத் தெரிஞ்சவங்க சரக்கே அதுல போச்சு. குறுக்கே கட்டச் சொல்லலை, கடை ஓரமா இறக்கினா போதும். கன்னாட் பிளேஸ்ல தூண் வராந்தாவுக்குள்ள மழையோ வெயிலோ, ஒரு சுத்து சுத்தி வரலாம். 1930கள்ல முடிஞ்சது அது.

நிர்வாகி:
பொங்கல் கணக்கு இந்தத் திரியில வேண்டாம். ரங்கன், "திமிர்" போன்ற சொல்லைத் தவிர்க்கவும்.

தி.நகர் ரங்கன்:
என்னை மட்டும் கண்டிக்கிறீங்க. அவங்க பாய்ஞ்சது கண்ணுல படலையா?

வரைபடம்:
கடை ஓரம் கித்தான் இறக்கினா பெயர்ப்பலகை மறையுதுன்னு முதல்ல சண்டைக்கு வர்றவங்க கடைக்காரங்கதான். உங்க சிநேகிதங்களைக் கேட்டுட்டு வாங்க.

கரோல்பாக் சேது:
கேட்டாச்சு. நாலு பேர் சரின்னாங்க, ரெண்டு பேர் உங்களை மாதிரியே பேசினாங்க. டிரான்ஸ்ஃபார்மர் கேள்விக்கு இன்னும் பதில் வரலை.