பர்மா மோல்மேன் மரவீடு: தூணடி இற்றுப்போச்சு, சுவர்ப்பலகை பிளக்குது

மோல்மேன்வாசி:
முன்தாழ்வாரத்தில் நாலு தேக்குத் தூண், 8 அங்குலச் சதுரம். அடியில் ஒன்றரை அடிக்குச் சுற்றிச் சிமெண்டு பூசியிருக்கு. இரண்டு தூணில் அந்தப் பூச்சுக்குள்ளேயே மரம் பஞ்சாகிவிட்டது. தேக்கு இற்றுப்போகாது என்பார்களே? நாலையும் எடுத்துட்டு கான்கிரீட் தூண் போடச் சொல்றாங்க. மழை அடிக்கிற பக்கச் சுவர் 20 அடி நீளம், 10 அடி உயரம். பலகை பிளந்து கிடக்கு. எவ்வளவு மரம் வாங்கணும்?

வைரக்கட்டை:
தேக்கில் நடுவே இருக்கிற கெட்டி மரம், அதாவது வைரம்தான் நிலைக்கும். ஓரத்து வெள்ளையைக் கறையான் மற்ற மரம் மாதிரியே தின்னும். ஆனா இங்கே கெடுத்தது சிமெண்டு உறை. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். சிமெண்டு அப்படியே நிற்கும். நடுவே நகக்கண் அளவு இடுக்கு விழுந்தால் போதும், தூண்வழி இறங்குற தண்ணி உள்ளே போய் வெளியேற வழியில்லாமல் ஊறும்.

கான்கிரீட் தூண் வேண்டாம். நாலு உறையையும் உடைச்சுட்டு சுத்தியலால் தட்டுங்க. கணீர்னா நல்ல மரம், தொம்முனு கேட்டா உள்ளே கூடு. நல்ல மரம் தொடங்குற இடத்துக்கு 3 அங்குலம் மேலே வெட்டணும். அதுக்கு முன்னே உத்தரத்துக்கு இருபக்கமும் ஜாக்கி வையுங்க. பாரம் ஏறுற மட்டும் திருகினால் போதும். அதுக்கு மேல் தூக்கினால் தகரக்கூரையின் ஆணித்துளை இழுபட்டு ஒழுகும். ஒரு நேரத்தில் ஒரு தூண்தான்.

கீழே 12 அங்குலச் சதுரத்தில் 1:2:4 (சிமெண்டு, மணல், ஜல்லி) கலவைக் கட்டை, தூணடிக்கு 20 மி.மீ. தாழ்வாக. அதன் விளிம்பு வெளிப்பக்கம் சாயணும். துத்தநாகம் பூசிய பட்டை இரும்பு இரண்டைக் கட்டையிலேயே பதிச்சு, தூணோடு 12 மி.மீ. போல்ட்டால் பிணையுங்க. இடைவெளியில் தூணை விடச் சின்னதா 20 மி.மீ. கன இரும்புத் தகடு. பெரிசா வெச்சா அதுமேலேயே தண்ணி தேங்கும். 7 நாள் தண்ணி விட்டு, 14 நாள் கழிச்சு ஜாக்கியை எடுங்க.

பழையதச்சு:
மாண்டலே பக்கத்து இன்வாவில் 1834-இல் கட்டின பகாயா மடத்தில் 267 தேக்குத் தூண் நிக்குதேன்னு யாராவது வருவாங்க. அது வறண்ட சீமை அண்ணே, மோல்மேன் மழைக்கு அதை அளவா வைக்காதீங்க. புதுத் தூணே வேணும்னா பின்கடோ, நம்ம இருள் மரம், தேடுங்க. உளி மழுங்கும், முன்கூட்டித் துளைக்காமல் ஆணி இறங்காது, ஆனா தாங்கும்.

இழைப்புளி:
பலகைக் கணக்கு: 6 அங்குலப் பலகை கீழ்ப்பலகை மேல் 1 அங்குலம் ஏறினால் மூடுறது 5 அங்குலம். 120 அங்குல உயரத்துக்கு 24 வரிசை, ஆக 480 அடி. முக்கால் அங்குலக் கனத்துக்கு 15 கன அடி, சேதாரம் சேர்த்து 16.5. மர டன் 50 கன அடி, அதில் மூணில் ஒரு பங்கு.

பிளக்கிறது ஆணியால். ஒவ்வொரு சட்டத்திலும் பலகைக்கு ஒரே ஆணி, கீழ்விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில். அடிப்பலகையின் தலையை அது தொடக்கூடாது. இரண்டையும் சேர்த்து அடிச்சா பலகை அசைய இடமில்லாமல் நடுவில் கீறும். வெறும் இரும்பு ஆணி தேக்கில் கறுப்புக் கறை வடிக்கும். செம்பு இல்லைன்னா ஸ்டெயின்லெஸ்.

மோல்மேன்வாசி:
நன்றி. பழைய பலகைக்குக் கச்சா எண்ணெய் பூசியிருக்கு. அதுமேல் பெயிண்ட் அடிக்கலாமா?

இழைப்புளி:
பிடிக்காது, ஒரே மழையில் தோலா உரியும். பழைய பலகை இருக்கிற சுவர் முழுக்க எண்ணெயாவே இருக்கட்டும். நெருப்பை மட்டும் பக்கத்தில் விடாதீங்க. புதுப்பலகைக்குப் பெயிண்ட்னா, தின்னரால் துடைச்ச கையோடு பிரைமர், பின்பக்கமும் வெட்டுமுனையும் விடாமல், சுவரில் ஏத்துறதுக்கு முன்னே.